அரிச்சந்திர மலையும் கொங்கணக் கடாவும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் சிலம்பும் குறளும் கம்பனும் பேசப்பெறுவது வழக்கம். இவ்வாண்டு நம் செயலாளர் என் இல்லத்திற்கு வந்து, "இலக்கியம் பேச வேறு அறிஞர்கள் வருகிறார்கள், நீங்கள் ஏறி வந்த மலையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பணித்தார். என் இலக்கியப் பேச்சைச் சென்ற ஆண்டு கேட்டவர் அவர். ஆதலால் அவர் பணித்ததன் காரணம் எனக்கு விளங்காமல் இல்லை. (சிரிப்பு.)

நான் சொல்ல வந்தது அரிச்சந்திர கட் என்னும் மலைக்கோட்டையையும், அதன் மேற்கு விளிம்பில் உள்ள கொங்கணக் கடாவையும் பற்றி. கடா என்றவுடன் ஆட்டுக்கடாவை நினைத்துக்கொண்டு, "அங்கே பலியிடுவார்களோ?" என்று நம் அன்பர் ஒருவர் கேட்டார். மராத்தியில் கடா என்பது செங்குத்தான மலை விளிம்பு. கொங்கண நாட்டை நோக்கி நிற்பதால் அது கொங்கணக் கடா. கொங்கணம் நமக்குப் புதிய பெயரன்று. சேரன் செங்குட்டுவன் வடதிசைச் செலவின்போது நீலகிரியில் பாடியமைத்துத் தங்கியபோது அவனைக் காண வந்த கூத்தர்களுள் கொங்கணக் கூத்தரும் இருந்தனர் என்று இளங்கோவடிகள் கூறுகிறார். அக்கூத்தர் புறப்பட்டு வந்த நாட்டில்தான் நாம் இன்று குடியிருக்கிறோம்.

மலை இருக்குமிடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கலியாணிலிருந்து முர்பாடு வழியாக மால்சேச் கணவாயை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் போகும்போது, கணவாய் ஏறுமுன் இடப்புறத்தே வானை மறைத்து ஒரு மலைச்சுவர் எழும். அதுவே அரிச்சந்திர கட். தாணே, புணே, அகில்யா நகர் ஆகிய மூன்று மாவட்டங்களின் எல்லைகள் கூடும் இடம் அது. மூன்றாவது மாவட்டத்தை அகமது நகர் என்றே நம்மில் பலர் அறிவோம். 2024இல் பெயர் மாறியது. மலையின் உயரம் ஏறத்தாழ 1,400 மீட்டர். இம்மாநிலத்தின் மிகவுயர்ந்த சிகரமாகிய கள்சுபாயோ 1,646 மீட்டர். உயரத்தில் அரிச்சந்திர கட் அதனினும் தாழ்ந்ததே. ஆயினும் கள்சுபாயை ஏறிவந்த இளைஞர்கூட இம்மலையின் மேற்குப்புற வழியைச் சொன்னால் சற்று நிதானித்துத்தான் விடை சொல்வர்.

மலைக்கு அரிச்சந்திரன் பெயர் எப்படி வந்தது என்பதற்கு வரலாற்றுச் சான்று தேடினால் கிடைக்காது. ஆனால் கொடுமுடிகள் மூன்றுக்கும் அரசன், அரசி, மகன் ஆகிய மூவர் பெயரும் இட்டிருக்கிறார்கள்: அரிச்சந்திரன், தாராமதி, ரோகிதாசன். நம் ஊர் வழக்கில் அரசி சந்திரமதி, மகன் லோகிதாசன். வழிகாட்டி தாராமதி என்றபோது எங்களுடன் வந்த தாராவி இளைஞர் ஒருவர், "சந்திரமதி அன்றோ?" என்று மராத்தியிலேயே வழக்காடத் தொடங்கிவிட்டார். இருவரும் அரை மணி நேரம் அக்கதையைத் தத்தம் ஊர் வழக்கின்படி ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டு நடந்தனர். கதை ஒன்றே, சுடலையில் மனைவியை அறியாது நிற்கும் கட்டம் வந்ததும் இருவரும் ஒரே இடத்தில் குரலைத் தாழ்த்தினர். நம் ஊர்களில் தெருக்கூத்துக்காரர் மயான காண்டத்தை விடிய விடிய ஆடுவதையும், சுடுகாட்டின் வாயிலில் அரிச்சந்திரன் கல்லின்முன் பாடையை இறக்கிவைப்பதையும் அவ்விளைஞர் எடுத்துரைத்தார். வழிகாட்டி வியப்புடன் கேட்டுவந்தார். இந்நாட்டவருக்கும் அரிச்சந்திரன் அத்தகைய நெருக்கத்தான். 1913இல் தாதாசாகெப் பால்கே எடுத்த முதல் முழுநீளப் படமே அரிச்சந்திரன் கதைதானே! அவரும் நாசிக்கை அடுத்த திரியம்பகத்தில் பிறந்தவர்.

நாங்கள் போனதற்குக் காரணம் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு நம் இளைஞர் கூட்டத்தில், செம்பூரில் பிறந்து வளர்ந்து கல்லூரியிற் பயிலும் பெண் ஒருவர் எழுந்தார். "நீங்கள் எல்லோரும் ஊர் என்றால் திருநெல்வேலி என்கிறீர்கள், வேலூர் என்கிறீர்கள். எங்களுக்கு அவை பள்ளி விடுமுறையில் இரயிலில் போய்வந்த இடங்கள். முப்பது ஆண்டாக இங்கே இருக்கிறீர்களே, இந்நாட்டின் ஒரு மலையை ஏறியிருக்கிறீர்களா? ஓர் ஆற்றின் பெயர் சொல்வீர்களா?" என்று கேட்டார். கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. நான் முப்பத்தோராண்டாக இந்நகரில் இருப்பவன். கலியாணுக்கு அப்பால் நான் பார்த்ததெல்லாம் சென்னைக்குப் போகும் இரயிலின் சன்னல் வழியாகப் பார்த்ததுதான். அப்பெண்ணின் தந்தையும் அக்கூட்டத்தில் இருந்தார்; வங்கியில் பணி செய்பவர்; ஐம்பத்து நான்கு அகவையினர். அவர்தாம் முதலில் எழுந்து, "நீ அழைத்துப் போ, வருகிறேன்" என்றார். அவ்வாறே புறப்பட்டோம்: தந்தை, மகள், தாராவியில் தோல் தொழில் செய்யும் இளைஞர் இருவர், இரயில்வேயில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், நான். ஆக அறுவர்.

மலைக்கு வழிகள் பல. பாச்னை ஊரிலிருந்து ஏறுவது எளிது. இரண்டு மூன்று மணி நேரத்தில் சிறுவரும் ஏறிவிடலாம். கீரேசுவரிலிருந்து தோலார் கணவாய் வழியாக ஏறுவது அதனினும் நெடிது. இடையே வழுக்குப் பாறைகளில் பிடித்து ஏற இருப்புக் கம்பிகள் நட்டிருக்கிறார்கள். மூன்றாவது வழி கொங்கணத்திலிருந்தே, கடாவின் அடிவாரத்திலுள்ள பேல்பாடா ஊரிலிருந்து ஏறுவது. நளீசி வாட் என்பது அதன் பெயர். குழல் வழி என்று பொருள். பெயருக்கு ஏற்றபடி, மலைச்சுவரில் குழல்போல் பிளந்த ஓர் இடுக்கினுள் புகுந்து ஏறவேண்டும். அடிவாரத்திலிருந்து உச்சிவரை 1,000 மீட்டருக்கு மேற்பட்ட ஏற்றம். வழியில் ஊரில்லை, நம்பத்தக்க ஊற்றில்லை, கார்காலத்தில் அவ்விடுக்கே அருவியாகிவிடும். பயின்ற வழிகாட்டி இன்றி அதில் நுழைவது அறிவுடைமை ஆகாது. மகள் முதலில் பாச்னை வழியைத்தான் சொன்னார். "கடாவைப் பார்க்கவேண்டுமானால் கீழிருந்து பார்த்துக்கொண்டே ஏறவேண்டும்" என்று குழல் வழியைத் தேர்ந்தவர் தந்தை.

திசம்பர்த் திங்களில் ஒரு வெள்ளி இரவு பேல்பாடாவை அடைந்தோம். இம்மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் மகாதேவ கோளி, தாக்கர் முதலிய பழங்குடியினர் வாழ்கின்றனர். நெல்லும் வரகும் விளைத்து, விடுமுறை நாட்களில் மலையேற வருவோர்க்கு உணவு சமைத்தும் வழிகாட்டியும் பொருளீட்டுகின்றனர். எங்களுக்கு வழிகாட்டியவர் இருவர்: நாற்பதைக் கடந்த ஒருவர், அவர் தம்பி மகன் ஒருவர். மூத்தவர் எங்கள் காலணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி அடித்தோலைப் பார்த்தார். ஒருவருடைய காலணியை வேண்டா என்று விலக்கித் தம் மைத்துனர் காலணியைக் கொடுத்தார். ஆளுக்கு நான்கு லிட்டர் நீர் என்று அளந்து நிரப்பச் செய்தார். பிறகு ஒரு விதி சொன்னார்: "முதல் பாறைப்படிவரை யாரும் திரும்பலாம். அதைக் கடந்தபின் திரும்புவது ஏறுவதைவிடக் கொடிது. அங்கே நான் பார்த்து முடிவு செய்வேன். என் முடிவுக்கு மறுப்பு இல்லை."

இருள் பிரியுமுன் நடந்தோம். வறண்ட ஓடையில் யானை யானையாய்க் கிடக்கும் உருண்டைக் கற்களின்மேல் தாவித் தாவிச் செல்வதே இரண்டு மணி நேர வேலை. பொழுது புலர்ந்தபோது தலையை உயர்த்திப் பார்த்தேன். அன்பர்களே, அக்காட்சியைச் சொல்ல வேண்டும். நாகப்பாம்பு படம் எடுத்து நின்றால் அப்படத்தின் உட்புறம் எப்படிக் குழிந்து முன்வளைந்திருக்கும்? அப்படி ஒரு மலை. அரைவட்டமாக வளைந்த கரும்பாறைச் சுவர். அதன் மேல்விளிம்பு அடியைவிட முன்னே நீண்டு நிற்கிறது. அப்பாறையில் கிடைக்கோடுகளாய் அடுக்கு அடுக்காய்ப் படிவுகள் தெரிகின்றன, ஏட்டுச்சுவடியை அடுக்கி வைத்தாற்போல.

அந்த அடுக்குகளின் வரலாறு பெரிது. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகட்கு முன், நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு வெள்ளம்போல் பரவியது. ஒன்று ஆறி உறைந்தபின் அதன்மேல் மற்றொன்று, மீண்டும் மற்றொன்று என்று படிந்ததே தக்காணத்தின் இக்கருங்கல். இவ்வமைப்புக்கு ஐரோப்பியர் இட்ட பெயரே, சுவீடிய மொழியில் படிக்கட்டு என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்ததாம். இரண்டு வெள்ளங்களுக்கு இடையில் நெடுங்காலம் கழிந்திருந்தால், அவ்விடைவெளியில் மேற்புறம் சிதைந்து செம்மண்ணாகியிருக்கும். அது செந்நிறக் கோடாக இன்றும் தெரியும். மெல்லிய அடுக்கு முந்திச் சிதைய, வன்மையான மேலடுக்கு தாங்கலின்றி நீட்டி நிற்க, அதிலிருந்து பாறைகள் பெயர்ந்து பெயர்ந்து விழ, சுவர் உள்வளைகிறது. நம் பொதியிலும் நீலமலையும் இதே மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவையே. ஆயினும் அவற்றின் கல் வேறு. அது இக்கருங்கல்லினும் பன்மடங்கு மூத்தது. 1,600 கிலோமீட்டர் நீண்ட தொடர் ஒன்றே. வடபகுதி எரிமலைக் குழம்பு, தென்பகுதி பூமியின் பழம்பாறை. உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக 2012இல் இத்தொடரின் பல பகுதிகள் ஏற்கப்பட்டன. இவ்வளவும் எனக்கு அம்மலைக்குப் போய்வந்த பின்னரே படித்தறிய வாய்த்தது.

ஏறத்தாழ ஒன்பது மணிக்கு முதல் பாறைப்படியை அடைந்தோம். இரண்டு ஆள் உயரம் இருக்கும். கைப்பிடி உண்டு, கால்பிடி உண்டு. ஆனால் ஒரு பக்கம் வெற்றிடம். இளைஞர் இருவரும் ஏறினர். மகள் ஏறினார். தந்தை கயிற்றைக் கட்டிக்கொண்டு பாதி ஏறினார், நின்றார். அவர் வலக்கால் நடுங்கியது. தையல் இயந்திரத்தின் ஊசிபோல் அக்கால் மேலும் கீழும் ஆடிற்று. நிறுத்த முயன்றார், நிற்கவில்லை. "ஒன்றுமில்லை, மூச்சு வாங்குகிறேன்" என்றார். மேலே நின்ற மகள், "அப்பா, இறங்கிவிடுங்கள்" என்றார். "நீ பேசாமல் இரு" என்று தந்தை சொன்னதை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

வழிகாட்டி அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லத் தாங்கி இறக்கி உட்காரவைத்து, பருக நீர் கொடுத்தார். பிறகு சொன்னார்: "அண்ணா, உங்கள் வாய் முடியும் என்கிறது. கால் முடியாது என்கிறது. நான் காலைத்தான் கேட்பேன்." தந்தை மறுமொழி கூறவில்லை. நெடுநேரம் கீழேயுள்ள ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் முன் ஒரு தந்தை மலையிலிருந்து திருப்பியனுப்பப்படுவது எவ்வளவு பெரிய செய்தி என்பது, பெண்மக்களைப் பெற்ற என் போன்றோர்க்கு விளங்கும். அப்போது இரயில்வேப் பெரியவர் தம் கயிற்றை அவிழ்த்தார். "தம்பி, நானும் வருகிறேன். பாச்னை வழியாகப் போனால்தான் கோயிலை விடியலில் பார்க்கலாம் என்று முதலிலிருந்தே எனக்கு ஒரு எண்ணம்" என்றார். அவருக்கு அப்படி ஓர் எண்ணம் இருந்ததில்லை. அறுவரில் மிக இலேசாக ஏறிவந்தவர் அவரே. அது எங்கள் அனைவர்க்கும் தெரியும், தந்தைக்கும் தெரியும். ஆயினும் அவர், "அப்படியானால் வாருங்கள் அண்ணாச்சி" என்று எழுந்தார். இளைய வழிகாட்டி இருவரையும் அழைத்துக்கொண்டு இறங்கினார். மகளும் தாமும் வருவதாகச் சொன்னார். "நீ மேலே போ, நாளைக்கு அங்கே பார்ப்போம்" என்று தந்தை கையை அசைத்துவிட்டார். அதன்பின் ஒரு மணி நேரம் அப்பெண் ஒரு சொல்லும் பேசவில்லை.

எஞ்சிய ஏற்றத்தை நான் விரித்துரைக்கப் போவதில்லை. இடுக்கு ஒடுங்க ஒடுங்க வானம் ஒரு முழத் துணியளவாய்ச் சுருங்கியது. இத்தகைய இடுக்குகள் பல, பழம்பாறையைப் பிளந்து புகுந்த வேறொரு கற்சுவர் முந்திச் சிதைந்ததால் உண்டானவை என்பர். ஆதலால் அடியெல்லாம் நொறுங்கல். ஒருவர் கால்பட்டுக் கல் உருண்டால் "கல்!" என்று கூவவேண்டும், கீழிருப்பவர் அண்ணாந்து பார்க்காமல் பாறையோடு ஒட்டிக்கொள்ளவேண்டும். இளைஞர் ஒருவர் காலடியிலிருந்து தேங்காயளவு கல் ஒன்று பெயர்ந்து, என் தலைக்கவசத்திற்குச் சாணளவில் விர்ரென்று போயிற்று. அது போன பிறகுதான் "கல்!" என்னும் குரல் எனக்குக் கேட்டது. இன்னும் இரண்டு பாறைப்படிகளைக் கயிறு கட்டிக் கடந்தோம். இறுதியில் சரளைச் சரிவு. உலர்ந்த புல் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். அங்கே பிடித்துக்கொள்ள உதவியது கார்வி என்னும் செடியின் தண்டு. நம் குறிஞ்சியின் இனத்தது கார்வி. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். கார்வி ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை மலை முழுதும் ஊதாவாகப் பூத்து, காய்த்து, மடியும். குறிஞ்சித் திணையைப் பற்றி இம்மேடையில் பலமுறை பேசியுள்ளோம். அதன் உறவுச்செடி ஒன்றைக் கைக்கொண்டு உயிரைப் பிடித்துக்கொண்டது எனக்கு அதுவே முதன்முறை.

மாலை நான்கரை மணிக்கு மேட்டுநிலத்தை அடைந்து கடாவின் விளிம்புக்குச் சென்றோம். யாரும் நின்றபடி விளிம்பை அணுகவேண்டா. வயிறு நிலத்தில் படக் குப்புறப் படுத்து, தலையை மட்டும் நீட்டிப் பார்க்கவேண்டும். அப்படியே பார்த்தேன். நான் படுத்திருந்த பாறைக்குக் கீழே ஒன்றுமில்லை. சுவர் உட்புறமாக வளைந்து போய்விட்டதால், பாறையின் அடியைக் காண முடியவில்லை. நெடுந்தொலைவுக்குக் கீழே காடும் நாங்கள் காலையில் தாவிய ஓடையும் வெண்ணூல்போல் தெரிந்தன. பருந்துகள் நமக்குக் கீழே பறக்கின்றன. அவற்றின் முதுகைக் காண்கிறோம். பருந்தின் முதுகை அதற்குமுன் நான் கண்டதில்லை.

வழிகாட்டி ஒரு பிடி உலர்ந்த புல்லை விளிம்புக்கு அப்பால் வீசினார். அது கீழே போகவில்லை. சற்றுத் தயங்கி, மேலெழுந்து, எங்கள் தலைக்குமேல் பறந்து பின்னால் விழுந்தது. இதில் மாயமில்லை. கடலிலிருந்து வரும் மேல்காற்றுக் கொங்கணச் சமவெளியைக் கடந்து இச்சுவரில் மோதுகிறது. குழிந்த பாறை அதனைக் குவித்து மேலே திருப்பிவிடுகிறது. கார்காலத்தில் விளிம்பிலிருந்து விழும் சிற்றருவிகளை அக்காற்று அப்படியே தூக்கி மேலெறியும் என்றார் வழிகாட்டி. மேகங்களும் அச்சுவரையொட்டித் தூண்போல் நிமிர்ந்து ஏறுமாம்.

அவர் சொன்ன மற்றொன்று இந்திர வச்சிரம். மழை ஓயும் நாட்களில் பள்ளத்தாக்கு முழுதும் மூடுபனி நிறைந்திருக்க, காலைக் கதிரவன் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்திருந்தால், விளிம்பில் நிற்பவர் நிழல் அப்பனியின்மேல் விழும். நிழலின் தலையைச் சுற்றி முழுவட்டமாக வானவில் தோன்றும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பம்பாய் மாகாணத்தில் புள்ளிவிவரங்கள் தொகுத்த கர்னல் சைக்ஸ் என்பார் இம்மலையில் இதனைக் கண்டு எழுதிவைத்தார். நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பியனுப்புவதால் விளைவது இது. இதில் ஒரு வியப்பு: பத்துப்பேர் வரிசையாக நின்றாலும் ஒவ்வொருவருக்கும் தம் தலையைச் சுற்றியே வட்டம் தெரியும், அடுத்தவர் தலையைச் சுற்றித் தெரியாது. திசம்பரில் பனி போதாமையால் நாங்கள் அதைக் காணவில்லை. வழிகாட்டி தம் வாழ்நாளில் மூன்றுமுறை கண்டதாகச் சொன்னார். "நம் தலைக்கு மட்டும் ஒளிவட்டமா? நம் சங்கத் தேர்தலில் நிற்பவர்கள் எல்லாரும் காணவேண்டிய காட்சி" என்றார் தாராவி இளைஞர். (சிரிப்பு.)

அக்கடாவில் வேடிக்கை மட்டும் இல்லை. 2020 சனவரியில் அருண் சாவந்த் என்னும் பெயர்பெற்ற மலையேறி இப்பாறையில் கயிற்றிறக்கத்தின்போது உயிர் துறந்தார். பல்லாண்டு இம்மலைத் தொடரில் ஏறியவர், பலர்க்குக் கற்றுக்கொடுத்தவர். அவ்வளவு தேர்ந்தவரையும் கொண்ட பாறை அது. விளிம்பில் நின்று படம் பிடித்துக்கொள்ளும் ஆர்வம் மிக்க நம் இளைஞர்கள் இதை நினைவிற் கொள்ளவேண்டும். எங்களுடன் வந்தவர்களை வழிகாட்டி விளிம்பிலிருந்து பத்தடி இப்பால் ஒரு கல்லைக் காட்டி, அதற்கப்பால் யாரும் எழுந்து நிற்கக் கூடாது என்று விலக்கிவைத்தார்.

இரவு மேட்டிலிருந்த ஒரு குடிசைக் கடையில் பிட்லாவும் பாகரியும் உண்டோம். பிட்லா என்பது கடலைமாவைக் காரமாகக் களிபோல் கிண்டியது. பாகரி கைதட்டிச் செய்த தடித்த ரொட்டி. குளிருக்கும் பசிக்கும் அதற்கு மேற்பட்ட உணவை நான் அறியேன். அக்குடிசைக்காரர் மாவு, எண்ணெய், விறகு, எங்களுக்குப் போர்த்தக் கொடுத்த கம்பளி அத்தனையையும் தலையில் சுமந்து மலையேற்றியவர். மறுநாள் காலை எங்களில் சிலர் தேநீர் ஐந்து உரூபாய் மிகுதி என்று பேசத் தொடங்கினர்; மகள் அவர்களை ஒரு பார்வை பார்த்தார்; பேச்சு நின்றது. 1986 முதல் இம்மலை வனவிலங்குப் புகலிடத்தின் பகுதி. அப்படியிருந்தும் நெகிழிப் புட்டிகள் புதர்தோறும் கிடக்கின்றன. கொண்டுபோனதைக் கொண்டுவர ஒரு கோணிப்பை எங்களிடம் இருந்தது; பிறர் எறிந்ததும் அதில் ஏறியது.

காலையில் அரிச்சந்திரேசுவரர் கோயிலுக்கு இறங்கினோம். கருங்கல்லாலாகிய வடநாட்டுப் பாணிச் சிகரம். சுற்றிலும் பாறை குடைந்த குகைகள். முன்னே மாடங்கள் வரிசையாக அமைந்த ஒரு குளம். சாங்தேவர் என்னும் யோகியர் இங்கே தவமியற்றித் தத்துவசாரம் என்னும் நூல் எழுதினார் என்பர். கோட்டை மொகலாயரிடமிருந்து 1747இல் மராத்தியர் கைக்கு வந்தது. எனக்கு மறக்கவொண்ணாதது அண்மையிலுள்ள கேதாரேசுவரர் குகை. நடுவே பெரிய சிவலிங்கம். சுற்றிலும் இடுப்பளவு நீர். அந்நீரின் தண்மை எலும்பைத் தொடும். லிங்கத்தைச் சூழ நான்கு தூண்கள் இருந்தன. இன்று முழுமையாக நிற்பது ஒன்றே. நான்கும் நான்கு யுகங்கள் என்றும், கடைசித் தூண் வீழ்ந்தால் கலியுகம் முடியும் என்றும் ஊரார் சொல்கின்றனர்.

அந்நீரில் நின்றபோதுதான் வழிகாட்டி ஆறுகளைச் சொன்னார். கோயிலருகே பிறக்கும் மங்கள கங்கை, முளா ஆற்றில் சேர்ந்து, பிரவரை வழியாகக் கோதாவரிக்குப் போகிறது. கீரேசுவரப் பக்கம் பெய்யும் மழை குகடி, கோட், பீமா வழியாகக் கிருட்டிணைக்குப் போகிறது. கடாவுக்கு அப்பால் விழும் துளி அரபிக்கடலுக்கு. மூன்று துளிகள் ஒரே மேகத்திலிருந்து பிறந்து, அடுத்தடுத்து விழுந்து, ஒன்று மேல்கடலையும் இரண்டு ஆந்திரக் கரையையும் அடைகின்றன. அப்பெண் குறிப்பேட்டை எடுத்து ஆறுகளின் பெயர்களை எழுதிக்கொண்டார், நானும் எழுதிக்கொண்டேன்.

பத்து மணியளவில் பாச்னைப் பக்கமிருந்து இருவர் வருவது தெரிந்தது. முன்னே இரயில்வேப் பெரியவர், பின்னே ஒரு மூங்கிற்கோலை ஊன்றியபடி தந்தை. முந்தைய நாள் பேல்பாடாவில் இறங்கி, வண்டி பிடித்து, மால்சேச் கணவாயைச் சுற்றி இரவில் பாச்னை சேர்ந்து, விடியலில் ஏறியிருக்கிறார்கள். மகள் ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டார். தந்தை கோயிலைப் பார்க்கவில்லை, குளத்தைப் பார்க்கவில்லை, "கடா எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். இருவரும் போனார்கள். நாங்கள் உடன் போகவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது தந்தையின் சட்டையின் முன்புறமெல்லாம் செம்மண்ணாக இருந்தது. ஆகவே அவரும் குப்புறப் படுத்துப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டோம்.

ஒரே ஓர் அறிவிப்புடன் அமர்கிறேன். வரும் சனவரித் திங்களில் இரண்டாம் சனிக்கிழமை, நம் சங்கத்தின் சார்பில் மீண்டும் அம்மலைக்குச் செல்கிறோம். இம்முறை பாச்னை வழி, குடும்பத்தோடு வரலாம், பன்னிரண்டு அகவைக்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியரும் வரலாம். குழல் வழியாக வர விரும்புவோர் எண்மர்க்கு மேல் இல்லை. அவர்கள் முன்னதாக மருத்துவரிடம் காட்டிக்கொள்ளவேண்டும். வழிகாட்டி திரும்பு என்றால் திரும்புவதாக ஒப்பவும் வேண்டும். ஆளுக்கு நான்கு லிட்டர் நீர், பிடிப்புள்ள காலணி, ஒரு போர்வை, குப்பைக்கு ஒரு பை. பெயர் கொடுக்க விரும்புவோர் விழா முடிந்ததும் வாயிலருகே உள்ள மேசைக்கு வருக. பெயர்களை எழுதிக்கொள்ளப் போகிறவர் அப்பெண்ணின் தந்தையே.